எட்டு நிமிஷம் லேட்டு

வெளிச்சத்தின் மேல் அந்த ஆளுக்கு என்ன கோபம் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. வெளிச்சம் அவரை என்ன செய்தது? விடிந்தால் வருகிறது, பொழுது சாய்ந்தால் போகிறது. அது பாட்டுக்கு இருக்கிற ஒன்றை வம்புக்கு இழுத்து, சனிக்கிழமை தவறாமல் திட்டிக்கொண்டிருந்தவர் திண்டுக்கல் முழுக்க அவர் ஒருவர்தான். திட்டிவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தச் சண்டைக்குள் என் வேலையும் மாட்டிக்கொண்டது. அதனால்தான் இன்றுவரை அவரை மறக்க முடியவில்லை. பாசத்தால் எழுதுகிறேன் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பாடு.

அவர் எங்கள் பஸ் கம்பெனியில் டைம்கீப்பர். நான் திண்டுக்கல்-பழனி ரூட்டில் டிரைவர். நயா பைசா புழக்கத்துக்கு வந்து, பழைய அணாவோடு சேர்த்துக் கணக்குப் போட முடியாமல் ஊரே விழித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் முதலாளி ஒரு ராவுத்தர். தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்தார். தோலில் வந்த லாபத்தில் நாலு பஸ் வாங்கி விட்டிருந்தார். பஸ் ஸ்டாண்டில் தகரம் வேய்ந்த ஒரு கூண்டுதான் டைம் ஆபீஸ். அதற்குள் ஒரு மேசை. அது ஷாப்புக் கிடங்கிலிருந்து வந்த மேசை என்பதால் மழைக்காலத்தில் ஆட்டுத்தோல் வாடை அடிக்கும். அந்த மேசைக்குப் பின்னால், சித்திரை வெயிலிலும் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு, சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, உலகத்தின் நேரத்தையே தான் ஒருவன்தான் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் அவர் உட்கார்ந்திருப்பார்.

அவர் எழுதுவது காப்பிங் பென்சிலில். அதை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவார். எழுத்து ஊதா நிறத்தில் விழும். நாக்கும் ஊதா, கீழுதடும் ஊதா. புதிதாக வரும் பிரயாணி பார்த்தால் நாவல் பழம் தின்ற வாய் என்று நினைப்பான். அந்த நாக்கு வெளியே வந்தாலே நாங்கள் கூண்டைவிட்டு நழுவிவிடுவோம். யாருக்கோ மெமோ எழுதப் போகிறார் என்று அர்த்தம்.

மேசைமேல் ஒரு கடிகாரம் இருந்தது. பித்தளை விளிம்பு வைத்த மேசைக் கடிகாரம். அதற்கு அவர் செய்த சேவையைக் கட்டின பெண்டாட்டிக்குச் செய்திருந்தால் அந்த அம்மாள் கோயில் கட்டிக் கும்பிட்டிருக்கும். தினம் காலையில் கடிகாரத்தைத் துண்டில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு, ரயில் ஸ்டேஷனுக்கு நடந்து போவார். பிளாட்பாரக் கடிகாரத்தைப் பார்த்து முள்ளைச் சரிசெய்துகொண்டு, அதேபோல் அணைத்தபடி திரும்பி வருவார். மழையோ காய்ச்சலோ, ஒரு நாள் தவறியதில்லை.

மத்தியானம் மில் சங்கு ஊதும். ஊரில் இருக்கிறவன் எல்லாம் அதைக் கேட்டுத் தன் கடிகாரத்தைத் திருத்துவான். இவர் மட்டும் தன் கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு ஊரைப் பார்ப்பார். "ரெண்டு நிமிஷம் முந்திருச்சு" என்பார், ஊரே சேர்ந்து கெட்டுப்போய்விட்டது போல.

அவர் வாயில் எப்போதும் ஒரு கேள்வி இருக்கும். "யாரு கடியாரத்துல?"

எங்கள் கண்டக்டருக்கு மகன் பிறந்தான். சந்தோஷத்தில் கல்கண்டை எடுத்துக்கொண்டு கூண்டுக்கு ஓடினான்.

"அண்ணே, விடியக்காலம் நாலு பத்துக்குப் பொறந்திருக்கான்ணே."

"யாரு கடியாரத்துல?"

"மருத்துவச்சி வீட்டுக் கடியாரத்துலண்ணே."

"அது ஆறு நிமிஷம் பிந்தும். நாலு பதினாறு. போய் மாத்தி எழுது."

அந்த மடையன் போய் மாற்றிச் சொன்னான். ஜோசியர் அதை வைத்துக்கொண்டு லக்கினம் மாறுகிறது, மாமனுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் கண்டக்டரின் மாமியார் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, கூண்டுக்கு முன்னால் நின்று ஒரு மணி நேரம் வசவு பாடினாள். இவர் அசையவில்லை. அவள் போனதும் கடிகாரத்தைப் பார்த்து, "அம்பத்தி ரெண்டு நிமிஷம்" என்றார்.

தப்பு என்ற சொல்லை அவர் நாளுக்கு இருபது தடவை எழுதுவார். எல்லாம் மற்றவர்கள் பெயருக்கு நேராக. தன் பெயருக்கு நேராக எழுதியதை நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை தவிர. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எங்கள் வண்டியில் வாரா வாரம் ஒரு சயின்ஸ் வாத்தியார் வருவார். ஒட்டன்சத்திரத்துக்காரர். திண்டுக்கல்லில் ஒரு ஹைஸ்கூலில் வேலை. சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் ஊருக்குப் போக என்னுடைய ஒண்ணரை மணி வண்டிக்கு வந்து கூண்டு நிழலில் நிற்பார். சின்ன வயது, சாது, கையில் எப்போதும் ஒரு கெட்டி அட்டைப் புத்தகம். நின்ற இடத்தில் சும்மா நிற்காமல் ஒரு நாள் வாயைக் கொடுத்தார்.

"ஏனுங்க டைம்கீப்பர், வெளிச்சத்தோட வேகம் ஆர் அளந்தாலும் ஒண்ணுதானுங்க. நின்னுட்டு அளந்தாலுஞ் சரி, ஓடிட்டு அளந்தாலுஞ் சரி. வினாடிக்கு லட்சத்து எம்பத்தாறாயிரம் மைல்."

"யாரு கடியாரத்துல?"

வாத்தியாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "சரியாக் கேட்டீங்க பாருங்க! இந்தக் கொள்கையே அந்தக் கேள்வியிலதானுங்க ஆரம்பிக்குது. அவிங்கவிங்க கடியாரத்துலீங்க."

"அவுகவுக கடியாரமா?" இவர் பென்சிலைக் கீழே வைத்தார். "அப்ப ஊருக்கு எதுக்கு சார் டைம்கீப்பரு?"

அன்றைக்குப் பிடித்த சனி. அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு மணிக்குச் சண்டை தொடங்கும். நான் வண்டியை எடுக்கும்வரை ஓடும்.

"இந்தா, இவன் வண்டி முப்பது மைல் வேகத்துல போகுது." என்னைக் காட்டிச் சொல்வார். "போகும்போது முன் லைட்டப் போடுறான். வெளிச்சத்தோட இவன் முப்பதும் சேருமா, சேராதா?"

"சேராதுங்க."

"வண்டியில இருந்து ஒருத்தன் முன்னால கல்ல விட்டெறிஞ்சா வண்டி வேகமும் சேருதுல்ல? வெளிச்சத்துக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? அது என்ன மந்திரி காரா?"

என் வண்டி முப்பது மைல் வேகத்தில் போவதாக அவர் வாயால் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். மெமோவில் அப்படி ஒருநாளும் எழுதியதில்லை.

"சூரிய வெளிச்சம் நம்மகிட்ட வந்து சேர எட்டு நிமிஷம் ஆகுமுங்க" என்றார் வாத்தியார் ஒரு நாள், வேறு பக்கமாகப் பேச்சைத் திருப்பலாம் என்று.

"அப்ப சூரியனே தெனம் எட்டு நிமிஷம் லேட்டு" என்றார் இவர். "அதுக்கு மெமோ குடுக்க நமக்கு அதிகாரமில்ல. இருந்தா குடுத்திருப்பேன்."

கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வாத்தியாரிடம் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் 'ஆமாம் சார்' என்று கேட்டு, எழுதி, பாஸாகிப் போயிருப்பார்கள். அவர் சொன்னதன் முழு விபரீதமும் உறைத்தது இந்த ஒரு மனிதருக்குத்தான். வெளிச்சம் யாருக்கும் மாறாது என்றால், நேரம்தான் ஆளுக்கு ஆள் மாற வேண்டும். ஓடுகிற கடிகாரம் நிற்கிற கடிகாரத்துக்குப் பிந்தும் என்று வாத்தியார் சொன்ன அன்று, இவர் அன்னியன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதுபோல் தன் கடிகாரத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். அவருக்கு வெளிச்சத்தின் மேல் கோபம் இல்லை. நேரம் எல்லாருக்கும் ஒன்று என்பதால்தான் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அது இல்லையென்றால், மப்ளர் சுற்றிய ஒரு மனிதர் தோல் நாற்றம் அடிக்கும் மேசையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இனி என் கதை. அந்த வருஷம் எனக்கு மெமோ வரத் தொடங்கியது. திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு இரண்டு மணி நேர ஓட்டம். நான் ஒழுங்காகத்தான் ஓட்டினேன். பழனியில் போய் இறங்கினால் அங்கே இருக்கிற டைம்கீப்பர் டிரிப் ஷீட்டில் எட்டு நிமிஷம் லேட்டு என்று எழுதுவார். சரி என்று அங்கிருந்து கிளம்பித் திரும்பி வந்தால், இங்கே இவர் எட்டு நிமிஷம் முந்தி வந்துவிட்டாய் என்று எழுதுவார். முந்தி வந்தாலும் குற்றம்தான். வழியில் கை காட்டிய ஆளை ஏற்றாமல் பறந்தாய் என்று அர்த்தம்.

"போகையில ஒனக்குத் தூக்கம், வரையில ஒனக்கு வெறி" என்றார் முதலாளி. "என்னப்பா, பழனியில எதையும் போட்டுக்கிறியா?"

நான் டீக்கு மேல் எதையும் குடித்ததில்லை. சொன்னால் யார் நம்புவது? ஊதா எழுத்து இருக்கிறதே. இரண்டு மெமோ சேர்ந்துவிட்டது. மூன்றாவது வந்தால் சாவியை வைத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு கம்பெனியில் சாவியை வைத்துவிட்டு வந்தவனை அந்த ஊரில் இன்னொரு கம்பெனி ஸ்டியரிங்கில் உட்கார வைக்காது. வீட்டில் என் பெண்டாட்டிக்கு ஏழாம் மாதம். நான் சாப்பாட்டின் முன் உட்கார்ந்து சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மெமோ வந்த வாரம் சனிக்கிழமை. கூண்டுக்கு வெளியே டயரில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வழக்கமான சண்டை. அன்றைக்கு இவர் புதிதாக ஒன்றைப் பிடித்திருந்தார். அந்த வாரம் முழுக்க யோசித்திருப்பார் போல.

"சார், வெளிச்சத்த எப்படி அளந்தாங்க? ஒரு கண்ணாடிக்கு அனுப்பி, அது திரும்பி வந்த நேரத்த அளந்தாங்க. அப்புடித்தான?"

"ஆமாங்க."

"போக வர மொத்தத்த ரெண்டால வகுத்துட்டாங்க. போகையில ஒரு வேகமும் வரையில ஒரு வேகமும் இருந்தா? மொத்தத்துல எப்படித் தெரியும்?"

"அந்தக் கோடியில ஒரு கடியாரம் வெச்சுப் பார்க்கலாமுங்க."

"அந்தக் கோடிக் கடியாரத்த எத வச்சுத் திருத்துவீங்க?"

வாத்தியார் தயங்கினார். "வெளிச்சத்தத்தான் அனுப்பித் திருத்துவாங்க."

"பாத்தீங்களா!" மேசையில் ஒரு தட்டு. "வெளிச்சம் சொன்னபடி கடியாரத்தத் திருகுறது. அப்புறம் அந்தக் கடியாரத்த வச்சு வெளிச்சத்த அளக்குறது. வேகம் மாறவே இல்லன்னு ஆச்சரியப்படுறது! எப்படி சார் மாறும்? திருகுனதே அதுதான!"

வாத்தியார் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். பிறகு, "இது ரொம்பப் பெரிய கேள்விங்க. பெரியவங்களே கேட்ட கேள்வி" என்று முனகினார். இவருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஊதா நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டார்.

வெளியே டயரில் இருந்த நான் எழுந்துவிட்டேன். எட்டாம் வகுப்பு தாண்டாதவன் நான். வெளிச்சம் என்ன ஆனால் எனக்கென்ன? ஆனால் அவர் சொன்னது வெளிச்சத்தைப் பற்றி இல்லை. என் வண்டியைப் பற்றி.

பழனி ஆபீஸ் சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். இவரே ஊதாப் பென்சிலில் எழுதி அனுப்பிய சீட்டு: 'முதல் வண்டி பழனி சேரும் நேரம் எட்டு மணி. வண்டி வந்ததும் கடிகாரத்தை எட்டு மணிக்குத் திருத்திக்கொள்ளவும்.' பழனிக்காரருக்கு மூட்டுவலி. அங்கே இருக்கிற ரயில் ஸ்டேஷன்வரை நடக்க மாட்டார். அவருடைய கடிகாரமோ தினம் ஒரு பக்கம் ஓடும். அதனால் இந்த ஏற்பாடு. முதல் வண்டியை ஒரு நிதானமான கிழவர் ஓட்டியவரை பழுதில்லை. கிழவர் போய், புது டிரைவர் ஒருத்தன் வந்தான். அடிவாரத்து ஓட்டலில் முதல் ஈட்டு இட்லி சூடாகக் கிடைக்க வேண்டும் அவனுக்கு. பறந்துகொண்டு போவான். ஏழு ஐம்பத்திரண்டுக்கே பழனியில் நிற்பான். பழனிக்காரர் சீட்டில் இருக்கிறபடி முள்ளை எட்டுக்குத் திருகுவார். அந்த மடப்பயல் அள்ளித் தின்ற இட்லிக்கு, அதன்பின் வரும் நான் நாள் முழுக்க எட்டு நிமிஷம் லேட்டு. அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பித் திரும்பி வந்தால் எட்டு நிமிஷம் முந்தல்.

திங்கட்கிழமை தோல் ஷாப்பில் விசாரணை. முதலாளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் காயப்போட்ட தோல். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். சனிக்கிழமை அவர் வெளிச்சத்துக்குச் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னேன். முதலாளி டைம்கீப்பர் பக்கம் திரும்பினார்.

"என்னப்பா, இவன் சொல்றது நெசமா?"

"மொத வண்டி எட்டு மணிக்குத்தான் பழனி சேரும். எழுதியிருக்கு."

"யாரு எழுதுனது?"

"நான்தான்."

"அண்ணே!" என்றேன். "சனிக்கெழம வாத்தியார்கிட்ட நீங்கதான சொன்னீங்க? ஓடுறத வச்சுக் கடியாரத்தத் திருகிட்டு, அந்தக் கடியாரத்த வச்சே ஓடுறத அளந்தா தப்புன்னு?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அது வெளிச்சத்துக்குச் சொன்னது. பஸ்ஸுக்கு இல்ல."

அந்த நிமிஷம் அவர் மப்ளரைப் பிடித்து இழுக்கக் கை வந்தது. இழுக்கவில்லை. இழுத்திருக்கலாம்.

முதலாளி வியாபாரி. இரண்டு பேர் இரண்டு எடை சொன்னால் தராசை மாற்றிப் பார்க்கிறவர். "வர்ற சனிக்கெழம ஒண்ணரை வண்டியில ஒன் கடியாரத்த எடுத்துக்கிட்டு நீயே போ. ரெண்டு கடியாரத்தையும் பக்கத்துல வச்சுப் பாரு. அந்த வாத்தியாரையும் பழனிவரைக்கும் கூட்டிட்டுப் போ, சாட்சிக்கு. அதுவரைக்கும் மெமோ என்கிட்ட இருக்கட்டும்."

அந்தச் சனிக்கிழமை டைம்கீப்பர் என் முதுகுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார். மடியில் துண்டுக்குள் கடிகாரம். பக்கத்தில் வாத்தியார்.

"அண்ணே, கடியாரத்துக்கு அரை டிக்கெட்டு போடவா?" என்றான் கண்டக்டர்.

"ஏலே, ஒன் மகன் சாதகத்த மறுபடியும் மாத்தவா?" என்றார். அவன் பின்பக்கம் ஓடிவிட்டான்.

பள்ளம் வந்தால் கடிகாரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிப்பார். ஒட்டன்சத்திரம் சந்தையில் மாட்டு வண்டி மறித்தபோதுகூட அவர் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்த்தியாக நான் வண்டி ஓட்டியதில்லை. பழனி வந்தோம். அவர் இறங்கிப் போய், பழனிக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் தன் கடிகாரத்தை வைத்துத் துண்டை விலக்கினார்.

அவருடையது மூன்று முப்பது. பழனியினுடையது மூன்று முப்பத்தெட்டு.

பழனிக்காரர் சுவரில் இருந்த சீட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், முழங்காலைத் தடவிக்கொண்டார். நான் வாசலில் நின்றேன். இனி என்ன, தப்பு என்று ஒரு வார்த்தை. சுவரில் இருக்கிற சீட்டைக் கிழித்து, 'நான் போட்ட ஏற்பாடு தப்பு' என்று சொன்னால் முடிந்தது. உயிரா போகும்?

அவர் உதடு இரண்டு தடவை அசைந்தது. வார்த்தை வரவில்லை. அந்த முகத்தை நான் பார்த்தேன். நிஜமாகவே வரவில்லை. பிறகு மெல்ல வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"சார், ஓடுற கடியாரம் பிந்தும்னு நீங்க சொன்னீங்கல்ல?"

வாத்தியார் திடுக்கிட்டார். "ஆமாங்க. ஆனா அது..."

"பிந்துமா, பிந்தாதா?"

"பிந்துமுங்க. ஆனா இந்த வண்டி வேகத்துக்கு அது ஒரு வினாடியில கோடியில ஒரு பங்குகூட..."

"பிந்தும். என் கடியாரம் ரெண்டு மணி நேரம் ஓடுற வண்டியில வந்துச்சு. பிந்திருச்சு. இவன் திண்டுக்கல்லுல இருந்து கொண்டாந்த நேரமும் அதே மாதிரி பிந்துனதுதான். வண்டி மேலயும் தப்பில்ல, ஆள் மேலயும் தப்பில்ல. அது வெளிச்சம் பண்ற வேல."

தினம் காலையில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ரயில் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்த மனிதர். தூக்கிக்கொண்டு வந்தால் கடிகாரம் மாறாது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? ஒரு சீட்டைக் கிழிப்பதற்குப் பதில் உலகத்தையே வளைத்துவிட்டார்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் தொண்டையில் அந்த 'ஆனா' ஏறி இறங்கியதை மட்டும் பார்த்தேன். டிரிப் ஷீட்டின் பின்புறத்தில் 'ஓடும் கடிகாரம் பிந்தும் என்பது விஞ்ஞான உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போட்டுவிட்டுப் பேனாவை மூட மறந்து சட்டைப் பையில் செருகிக்கொண்டார். ஊருக்குத் திரும்பிப் போகும்போது நெஞ்சில் மை பரவியிருந்தது.

மறுநாள் முதலாளி அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தார். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். முகம் பூரித்துப் போனது.

"அப்ப நம்ம வண்டி அம்புட்டு வேகமாவா போகுது? கடியாரமே பிந்துற அளவுக்கு?"

"ஆமா மொதலாளி" என்றார் இவர்.

"மத்தவன் வண்டியில பிந்துமா?"

"அது வேகத்தப் பொறுத்தது மொதலாளி."

அவ்வளவுதான். எங்கள் வண்டியில் ஏறினால் கடிகாரமே பின்வாங்கும் என்று முதலாளி தோல் மண்டியில் ஆறு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார். போகும்போது பிந்தின வண்டி வரும்போது ஏன் முந்தியது என்று அவர் கேட்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. எனக்கு வேலை முக்கியம், விஞ்ஞானம் இல்லை.

ஆனால் முதலாளி சும்மா விடுகிற ஆளில்லை. "வாத்தியார் எழுதிட்டாரு, சரி. நீதான இம்புட்டு நாளா இல்லவே இல்லன்னு அவருகூட மல்லுக்கட்டினவன்? பஸ் ஸ்டாண்டுக்கே தெரியும். நாளைக்கு மாத்திப் பேசுவ. நீயும் எழுதிக் குடு."

அவர் காகிதத்தை வாங்கிக்கொண்டு தோல் காயும் கொடிக்குக் கீழே உட்கார்ந்தார். பென்சில் நாக்குக்குப் போனது. எழுதவில்லை. மறுபடி போனது. முதலாளி ஒரு சுருட்டு முழுக்கக் குடித்து முடித்தார். எனக்கு மெமோ எழுத அவருக்கு அரை நிமிஷம் ஆகும்.

எழுதியதை முதலாளி உரக்கப் படித்தார்: "வெளிச்சத்தின் வேகம் யார் பார்த்தாலும் ஒன்றே என்பதையும், ஓடும் கடிகாரம் பிந்தும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இதுநாள்வரை நான் மறுத்துவந்தது தப்பு." கீழே கையெழுத்து.

என் மூன்று மெமோக்களையும் முதலாளி கிழித்துத் தோல் கழிவுக்குள் போட்டார்.

வேலை தப்பியது என்று கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று தெரியாமல் கும்பிட்டேன். வெளியே வந்ததும் கோபம் திரும்பி வந்துவிட்டது. இந்த ஆள் என்னைக் காப்பாற்றினாரா, தன் சீட்டைக் காப்பாற்றினாரா? ஒரே கல்லில் இரண்டும் விழுந்தது. எதற்கு எறிந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் பழனி சுவரில் அந்தச் சீட்டு இல்லை. புதுச் சீட்டு ஒட்டியிருந்தது: 'தினமும் ரயில் ஸ்டேஷன் சென்று கடிகாரத்தைத் திருத்தவும்.' பழனிக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தார், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு. இட்லிக்காரனுக்கு முந்தல் மெமோ வரத் தொடங்கியது. ஏன் இந்த மாற்றம் என்று இவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம் வருத்தம் என்றும் சொல்லவில்லை.

போனது சனிக்கிழமைச் சண்டைதான். வாத்தியார் ஒரு மணிக்கு வந்து நிற்பார். இவர் ஷீட்டில் எழுதிக்கொண்டிருப்பார். வாத்தியாருக்கு அது தாங்கவில்லை. தன் கட்சியை விட்டுவிட்டு இவர் கட்சியில் பேசிப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க கேட்டது சரிதானுங்களே? போக வர மொத்தத்தத்தான அளந்தாங்க? போகையில ஒரு வேகம், வரையில ஒரு வேகம் இருந்தா?"

பென்சில் ஒரு கணம் நின்றது. கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. பிறகு அணைந்தது.

"ஒண்ணுதான் சார். எழுதிக் குடுத்துட்டேன்."

வாத்தியார் போய் வண்டியில் ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகும் சில வாரம் முயற்சி பண்ணினார். ஒவ்வொரு முறையும் அதே பதில்தான். எழுதிக் கொடுத்ததை மீறத் தெரியாத மனிதர். எழுதிய சீட்டைக் கிழிக்கத் தெரியாத அதே மனிதர்.

ஒரு சனிக்கிழமை எனக்கே பொறுக்கவில்லை. டிரிப் ஷீட்டில் நேரம் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு நகராமல் நின்றேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். அன்னிக்குப் பழனியில நான் லேட்டா, இல்லையா?"

தலையைத் தூக்கவில்லை. "நீ டயத்துக்குத்தான் வந்த."

"யாரு கடியாரத்துல?"

பின்னால் கண்டக்டர் களுக்கென்று சிரித்தான். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த அந்தப் பித்தளை விளிம்பைப் பார்த்தார். மப்ளரை ஒரு தடவை இறுக்கிக்கொண்டார்.

"என் கடியாரத்துல" என்றார்.

அவர் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"மணி ஒண்ணு முப்பது, தம்பி. வண்டிய எடு. இனிமே பிந்துனா வெளிச்சத்துமேல பழி போட முடியாது."